படக்குழு விட்டுச்சென்ற பலகையை அகற்றித் தரும்படி கோரல்

அனுப்புபவர்:
திருமதி அம்றா ஷிஹாம்,
பழைய தபால் கந்தோர் வீதி,
கித்துல்கஹதென்ன சந்தி,
மாத்தளை மாவட்டம்.

பெறுபவர்:
செயலாளர் அவர்கள்,
பிரதேச சபை,
கித்துல்கஹதென்ன.

விடயம்: பஸ் தரிப்பிட மர வாங்கின் பின்னால் உள்ள "வெள்ளையர்களுக்கு மாத்திரம்" எனும் பலகை

மதிப்பிற்குரிய ஐயா,

இரவு பதினொன்றரைக்கு இதை எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஐந்து மாதக் கைக்குழந்தை இப்போதுதான் உறங்கினான். அவன் எழும்புவதற்குள் முடித்தாக வேண்டும். வசனங்கள் எங்காவது அவசரப்பட்டால் அது தங்கள் மீதான மரியாதைக் குறைவு அல்ல.

1. கடந்த ஜனவரியில் வெளிநாட்டுப் படக்குழு ஒன்று நமது சந்திக்கு வந்ததைத் தாங்கள் அறிவீர்கள். தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்து நின்றவர்களைப் பற்றிய வரலாற்றுப் படம் அது. நமது பழைய தபால் கந்தோர் அந்தக் காலத்து தென்னாபிரிக்கக் கட்டடம் போலவே இருக்கிறதாம். அதன் முன்னால், பஸ் நிற்கும் இடத்தில், நாலு பேர் அமரக்கூடிய ஒரு மர வாங்கைப் போட்டு, அதன் பின்னால் ஆங்கிலத்திலும் ஆபிரிக்கான்ஸ் மொழியிலும் மேற்படி பலகையை நாட்டினார்கள். கதைப்படி ஓர் ஆசிரியை வேண்டுமென்றே அந்த வாங்கில் அமர்கிறார். பொலிஸார் இழுத்துச் செல்கிறார்கள். என் கணவர் உட்பட ஊரில் பாதிப்பேர் கூட்டமாக நின்று கோஷம் போட்டார்கள். காட்சியை ஒன்பது தடவை எடுத்தார்கள். அந்த நடிகை ஒன்பது தடவையும் அமர்ந்தார். படக்குழு போன பிறகு எங்களில் ஒருவரும் ஒரு தடவைகூட நிம்மதியாக அமரவில்லை.

2. போகும்போது வாங்கை ஊருக்கு அன்பளிப்பாக விட்டுச் சென்றார்கள். பலகையைக் கழற்ற மறந்துவிட்டார்கள். அதுவரை பெரிய பாதகமில்லை. ஆனால் மார்ச் மாதத்தில் சபை ஊழியர்கள் அறிவித்தல் பலகைகளை எல்லாம் மும்மொழியாக்கிக்கொண்டு வந்தபோது, இதற்கும் புதுத் தீந்தை (பெயின்ட்) பூசி, சிங்களத்தையும் தமிழையும் சேர்த்து, கீழே சபையின் பெயரையும் எழுதிவிட்டுப் போனார்கள். எனக்குத் தெரிந்து நமது பகுதியில் பிழையில்லாத தமிழில் எழுதப்பட்ட ஒரே அறிவித்தல் அதுதான். அந்த அளவில் சபைக்கு நன்றி சொல்லவும் கடமைப்பட்டுள்ளேன்.

3. அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. முச்சக்கர வண்டி ஓட்டும் ஜிப்ரி நானா சம்பளமில்லாமல் அதை அமுல்படுத்துகிறார். ஏப்ரலில் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று பஸ்ஸுக்கு வந்தபோது மிகுந்த மரியாதையோடு வாங்கைக் காட்டினார். அவர்கள் பலகையை வாசித்து, முகம் சிவந்து, வெயிலில் நடந்தே போய்விட்டார்கள். இப்போது வாசிக்கத் தெரியாத ஒரு கறுப்பு நாய் மட்டும் அதில் நிம்மதியாகத் தூங்குகிறது.

4. எனக்குச் சிசேரியன் செய்த உடம்பு. மகனுக்கு இருமல் விடாததால் புதன்கிழமைதோறும் பிற்பகலில் மாத்தளை டவுனுக்கு மருந்தெடுக்கப் போகிறேன். பலாபத்வலையிலிருந்து வரும் பஸ் எப்போது வரும் என்று அந்த பஸ்ஸுக்கே தெரியாது. மே மாதத்தில் ஒருநாள் இயலாமல் அமர்ந்தேன். "தங்கச்சி, எழும்புங்க. போர்ட்ல போட்டிருக்கு தானே. பொறகு பிரச்சின வந்தா என்னைத்தான் கேப்பாங்க" என்றார் ஜிப்ரி நானா. பட்டதாரியான நானும் எழும்பினேன், ஐயா. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

5. அடுத்த நாளே தங்கள் கந்தோருக்கு வந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் திரு. தர்மராஜா அவர்களிடம் முறையிட்டேன். அன்பாகவே கேட்டார். "நாங்கள் நாட்டின பலகை எண்டால் கழட்டலாம், பிள்ளை. இது எங்கட பதிவில இல்லையே" என்றார். அப்படியானால் சபை தீந்தை பூசியது பதிவில் இல்லையா என்று கேட்டேன். "அது பதிவில இருக்கு" என்றார்.

6. இதுவரை நடந்ததையெல்லாம் வீட்டில் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று முதல் சிரிக்க முடியவில்லை. என் மகள் ஸஹ்னாவுக்கு ஏழு வயது. இப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுகிறாள். தெருவில் உள்ள எதையும் விடமாட்டாள். நேற்று பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் கால் கடுத்து, வருவது வரட்டும் என்று மகனோடு வாங்கில் அமர்ந்து, அவளையும் பக்கத்தில் கூப்பிட்டேன். அவள் பலகையை வாசித்தாள். பிறகு தன் கையையும் தம்பியின் கையையும் பார்த்தாள்.

"தம்பி வெள்ளதானே உம்மா, அவருக்கு இந்த வாங்குல இருக்கலாம். நீங்க அவரத் தூக்கியிருக்கிறதால உங்களுக்கும் சரி. நான் நிக்கிறேன்" என்றாள்.

அது படத்துக்காக எழுதியது என்றேன். "படம் முடிஞ்சி தானே. இதுல சபை பேர் போட்டிருக்கே" என்றாள். பஸ் வரும்வரை முக்கால் மணி நேரம் நின்றாள். நான் எழும்பி அவள் பக்கத்தில் நின்றதற்கு, "தம்பிக்கு வெயில் படும், இருங்க உம்மா" என்று என்னையே ஏசினாள்.

பலகையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மகன் பிறந்தபோது பார்க்க வந்தவர்கள், "மகன் நல்ல வெள்ள, மகள்தான் கறுத்துப் போச்சு" என்று அவள் முன்னாலேயே சொன்னார்கள். அன்று நான் தேநீர் கொடுத்துக்கொண்டு சிரித்தேன். அவள் வீட்டில் கேட்டதற்குச் சபை முத்திரை குத்திக் கொடுத்தது போல் ஆகிவிட்டது.

7. என் கணவர் இன்றிரவே பலகையை நெம்பிக் கழற்ற அலவாங்கோடு போகத் தயாராக இருந்தார். நான்தான் தடுத்தேன். இருட்டில் காணாமல் போனால் யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்றுதான் மகள் நினைப்பாள். எழுதியவர்களே வந்து, பகலில், பாடசாலை விட்டுப் பிள்ளைகள் வரும் ஒன்றரை மணிக்கு அதைக் கழற்ற வேண்டும் என்பதே என் தாழ்மையான வேண்டுகோள். வாங்கு இருக்கட்டும். பதிவில் இல்லாததை அகற்ற வழியில்லை என்றால் முதலில் பதிந்துவிட்டு அகற்றினாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

வரும் புதன்கிழமை மறுபடியும் மருந்தெடுக்கப் போகிறோம். மகளும் வருவாள். அதற்கு முன் தயவுசெய்து எனக்குப் பதில் எழுதுங்கள்.

இங்ஙனம்,
அம்றா ஷிஹாம்
(கையொப்பம்)

இடம்: கித்துல்கஹதென்ன சந்தி
திகதி: 2025.06.19