வரைபடத்தில் இருபத்தெட்டு

லெஞானோ,
4 மார்ச் 1998

அன்புள்ள சில்வானோ,

இங்கு நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உடம்புக்கு ஏதாவது வந்தால்தானே உனக்கு என் நினைவு வரும். கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு வரி இல்லை. நீ இத்தாலியை விட்டு ஜெர்மனியில் உல்முக்குப் போய் ஆறு வருடமாகிறது. உன்னை வீட்டுக்காரர் என்று சொல்வதா, விருந்தாளி என்று சொல்வதா என்று எனக்கே குழப்பம்.

உன் கம்பெனி ஆட்கள் ஒன்பது பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். நம் வால்சேரா கார் கம்பெனியை வாங்கியாகிவிட்டது, இன்ஜினை எங்கே செய்வது என்பதுதான் பாக்கி என்கிறார்கள். எங்கள் இன்ஜின் பிரிவில் நானூறு பேர். நான் யூனியன் பிரதிநிதி வேறு. நிற்கவிடுவதில்லை, உட்காரவிடுவதில்லை. "உன் வீட்டுக்காரரு அங்கதானே இருக்காரு, கேட்டுச் சொல்லேன்" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் நச்சரிக்கிறார்கள்.

ஜெர்மன்காரன் ஒழுங்கில் வால்சேராவின் உயிர் போய்விடும் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். புதுக் காருக்குள் மழைத்தண்ணீர் ஒழுகுகிறது. அதையும் உயிர் என்றுதான் எழுதுகிறார்கள்.

வந்தவர்களில் ரைனர் என்பவர் நல்ல மாதிரி. இன்ஜினைச் சுற்றி மைக் வைத்து நாலு நாளாகப் பதிவு செய்கிறார். "சிஞோரா, இந்தச் சத்தம் எங்கேருந்து வருது?" என்று கேட்டார். என் பக்கத்தில் வேலை செய்கிற இனெஸ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? "மனசுலேருந்து" என்றாள். மனுஷன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று எழுது.

ஒர்னெல்லா


உல்ம்,
15 மார்ச்

அன்புள்ள ஒர்னெல்லா,

கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். முடிவெடுக்கும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் வரைபடங்களை வைத்து இங்கே இருபது இன்ஜின் செய்து பார்க்கிறார்கள். சரியாக வந்தால் இன்ஜின் இனி இங்கேதான். உங்களுக்குக் கார் உடம்பைப் பூட்டும் வேலை மட்டும் மிஞ்சும். நானூறு பேருக்கு அதில் இடமில்லை.

ஆனால் இருபதும் சரியாக வரவில்லை. ஓடவிட்டால் தகரத்தைத் தேய்க்கிற மாதிரி கத்துகின்றன. நாலு தடவை பிரித்துப் பூட்டிவிட்டார்கள். வரைபடத்தில் ஒரு தவறும் இல்லை, வரைந்தவனே நான்தான் என்று குழுவில் அடித்துச் சொன்னேன். அதற்குத் தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? "அப்ப நீங்க கொண்டுவந்த வரைபடம் அசல் இல்ல. உங்க பழைய ஆளுங்களுக்காக எதையோ மறைக்கிறீங்க."

இருபத்தேழு வருட வேலையில் என்னை யாரும் திருடன் என்று சொன்னதில்லை. மாத முடிவில் விசாரணை. உனக்கு ஏதாவது தெரியுமா?

சில்வானோ


லெஞானோ,
21 மார்ச்

அன்புள்ள சில்வானோ,

உட்கார்ந்து படி. உன் வரைபடம் தப்பு.

இன்ஜினுக்குள் சுழலும் கேம் ஷாஃப்ட் மேல் வரும் மூடிகளின் போல்ட்டை இருபத்தெட்டு அளவுக்கு இறுக்கச் சொல்லி எழுதியிருக்கிறாய். அது பழைய இரும்பு மூடிக்கு உள்ள கணக்கு. இது அலுமினியம். அவ்வளவு இறுக்கினால் ஷாஃப்ட் பிடித்துக்கொண்டு கத்தும். இருபத்திரண்டு போதும்.

1974இல் இந்த இன்ஜினைப் பூட்டத் தொடங்கிய மூன்றாம் நாளே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் உன் அறைக்கு வந்தேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு அந்த வரைபடத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாய். "நேரா இருக்கா பாரு" என்று என்னைக் கேட்டாய். நேராக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வருடம் கல்யாணம். அப்புறம் எந்த வாயால் சொல்ல?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாங்கள் கையிலேயே சரிசெய்துகொண்டோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்போம். ரைனர் பக்கத்தில் நின்றபோது இருபத்தெட்டு வைத்துத்தான் இறுக்கினோம். ஜெர்மன்காரர்கள் மணி பன்னிரண்டு அடித்ததும் சாப்பிடப் போய்விடுவார்கள். எல்லாவற்றையும் தளர்த்தி மறுபடி இருபத்திரண்டில் இறுக்கிவிட்டுத்தான் நாங்கள் சாப்பிடுவோம்.

எழுதியபடி எதுவும் நடக்காத ஊர் என்று திட்டிவிட்டு நீ ஜெர்மனிக்குப் புறப்பட்டாயே, அன்றைக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

யூனியன் பிரதிநிதியாக இதை உனக்கு நான் சொல்லவே கூடாது. பெண்டாட்டியாகச் சொல்கிறேன், உன்னைத் திருடன் என்றதை என்னால் தாங்க முடியவில்லை. நீ குழுவில் சொன்னால் நாங்கள் தெருவில் நிற்போம். உன்னோடு இருக்கட்டும்.

ஒர்னெல்லா


உல்ம்,
2 ஏப்ரல்

அன்புள்ள ஒர்னெல்லா,

இருபத்துநாலு வருடம். ஆலை முழுவதற்கும் தெரியும், எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். ஆற்றங்கரையில் மூன்று நாள் நடந்தேன்.

பிறகு விசாரணையில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, இருபத்திரண்டு என்று. அன்றே இறுக்கி ஓடவிட்டார்கள். இன்ஜின் நம் ஊர்ச் சத்தத்தில் பாடியது. அங்கிருந்து திரும்பியிருந்த ரைனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

லெஞானோவுக்கு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். தலைவர் கேட்டார்: "இது மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

"எனக்குத் தெரியாதுங்க."

"யாருக்குத் தெரியும்?"

"லெஞானோவுல நானூறு பேருக்குத் தெரியும்."

முடிவு இதுதான்: இன்ஜின் மூன்று வருடம் லெஞானோவிலேயே இருக்கும். கையில் இருக்கும் திருத்தம் ஒவ்வொன்றையும் நீங்கள் எழுதித்தர வேண்டும். ஜெர்மன்காரனிடம் வால்சேரா பிழைக்கும், ஒர்னெல்லா. உங்கள் கை கூட இருந்தால்.

ஈஸ்டருக்கு வீட்டுக்கு வரட்டுமா?

உன் சில்வானோ


லெஞானோ,
7 ஏப்ரல்

சில்வானோ,

உன் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தேன். கை தட்டினார்கள், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். பிறகு இனெஸ் எழுந்தாள்.

"இருபத்திரண்ட அவங்களுக்குச் சொன்னது யாரு?"

நான்தான் உனக்குச் சொன்னேன் என்றேன்.

"எங்க யாரையும் கேக்காமலா?"

ஆமாம் என்றேன்.

"உன் வீட்டுக்காரரு யாரு ஆளு, ஒர்னெல்லா? நம்ம ஆளா, அவங்க ஆளா?"

பிரதிநிதிப் பொறுப்பை என்னிடமிருந்து வாங்கி இனெஸிடம் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது சரிதான். திருத்தங்களை அவள்தான் எழுதுகிறாள். இரண்டு ஆயிற்று. மொத்தம் எத்தனை வரும் என்று, மறுபடி இங்கே வந்திருக்கும் ரைனர் கேட்டதற்கு, எழுத எழுதத்தான் ஞாபகம் வரும் என்றாளாம். மூன்று வருடத்தில் முடிப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீ செய்தது சரியா என்று இரண்டு நாளாகப் புரண்டுகொண்டிருக்கிறேன். நானூறு பேருக்குச் சரி. அது உனக்கு முன்னமே தெரிந்திருந்ததா? எழுந்து நின்றபோது தெரியாது என்பது உன் கடிதத்திலேயே இருக்கிறது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறாய். உன் பெயருக்காக எங்களைப் போகவிட்டாய். நாங்கள் தப்பித்தது அந்தத் தலைவர் கேட்ட ஒரு கேள்வியால்.

ஆனால் உன் பெயருக்காக நானூறு பேரை நானும்தான் பணயம் வைத்தேன். அதனால் உன்னைத் திட்டவும் எனக்கு யோக்கியதை இல்லை.

ஈஸ்டருக்கு வரவேண்டாம். விடுமுறை முடிந்து ஆலை செவ்வாய்க்கிழமை திறக்கிறது. காலை ஆறு மணி ஷிப்டுக்கு எல்லோரும் வாசலில் நிற்போம். அங்கே வா. இனெஸ் கேட்டதற்கு அவர்கள் முன்னால் நீயே பதில் சொல். நான் கூட்டத்தோடு நின்று கேட்பேன். கேட்ட பிறகுதான் வீட்டுச் சாவியைத் தருவதா என்று முடிவு செய்வேன்.

ஒர்னெல்லா