அம்மா திருநீறு பூசிய தூசிப் போத்தல்

கெலுகோர், பினாங்கு
4-12-1988

அன்பு மகன் ஏரம்பமூர்த்திக்கு, அம்மா ஞானாம்பிகை வாயால் சொல்ல, தங்கை பத்மாவதி கையால் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நியூகாசல் குளிரில் நீயும் மூக்கு ஒழுகாமல் இருக்கத் தண்ணீர்மலை முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த இரண்டு வரி அம்மா சொன்னது சொன்னபடி. இனி வருவதில் நான் என்றால் பத்மா, அம்மா என்றால் அம்மா, இல்லாவிட்டால் நீங்கள் குழம்பிப்போவீர்கள் அண்ணா. அம்மாவே எழுதியிருப்பார், ஆனால் அவருடைய கண்ணாடி மேல் நான் உட்கார்ந்துவிட்டேன். புதுக் கண்ணாடி புதன்கிழமைதான் கிடைக்கும், அதுவரை பொறுக்க முடியாது, மகனிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறார். குற்றம் அம்மாவுடையது. இந்த வீட்டில் முதல் தடவையாக என்னுடையது இல்லை. ஆகவே மிகுந்த உற்சாகத்தோடு எழுதுகிறேன்.

எதிர்க்கரையில் ஜுரு பக்கம் கடலோரத்தில் நிலக்கரி மின்நிலையம் கட்டப்போகிறார்கள், அது வந்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை கேட்டு வாங்கிவிடுவேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள் அல்லவா, அன்றிலிருந்து அம்மாவுக்கு நிலக்கரி மேல் அப்படி ஒரு கரிசனம். கோயிலில், பஸ்ஸில், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்ன இடத்தில்கூட நாட்டின் எரிசக்திக் கொள்கையை விளக்குகிறார். எண்ணெயை மட்டும் நம்பியிருந்தால் ஒருநாள் அடுப்பு அணைந்துபோகும், அதனால் அரசாங்கம் எண்ணெய், எரிவாயு, தண்ணீர், நிலக்கரி என்று நாலு அடுப்பு வைத்துக்கொள்ளப் போகிறது, நாலாவது அடுப்பை ஊதப்போவது என் மகன், பாலம் ஏறினால் அரைமணி நேரம், மத்தியானச் சோற்றைச் சூடாகக் கொடுத்தனுப்பலாம் என்று ஒரே பிரசங்கம்.

அந்த மின்நிலையம் வந்தால் காற்றும் கடலும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதும் வேலை அப்பாவின் கம்பெனிக்கே கிடைத்தது. இந்த வருஷத்திலிருந்து அப்படி ஓர் அறிக்கை இல்லாமல் கட்ட முடியாதாம். இப்போது காற்றில் எவ்வளவு தூசி என்று தெரிந்தால்தானே, பிறகு எவ்வளவு கூடும் என்று சொல்லலாம்? அதற்காக ஆறு இடங்களில் வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல்களைத் திறந்து வைத்தார்கள். மாதம் முழுக்க அதில் விழுவதைக் காயவைத்து நிறுத்துப் பார்ப்பார்கள். கடலைப் பார்த்த வீடு, காவலுக்கு ஆள் வேண்டாம் என்று ஒரு போத்தல் நம் போர்ச் கூரைக்கு வந்து சேர்ந்தது. நாள் முழுக்க வாயைத் திறந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் வேலைதானே, என்னை எடுத்திருக்கலாமே என்றேன். நீ வாயைத் திறந்தால் தூசியா விழும், ஊரே ஓடும் என்றார் அப்பா.

அக்டோபரில் சரஸ்வதி பூசை வந்தது. வழக்கம்போல அப்பாவின் டைப்ரைட்டருக்கும் அம்மாவின் தையல் மெஷினுக்கும் என் கணக்குப் புத்தகத்துக்கும் திருநீறு, சந்தனம், குங்குமம். (கணக்குப் புத்தகத்தைச் சாமியிடமிருந்து நான் ஒரு வாரம் எடுக்கவே இல்லை, அவ்வளவு பக்தி.) அப்போது அப்பாதான், இஞ்ச பாரும், மேல ஒரு சாமான் இருக்கு, இப்ப அதுதானே எனக்குச் சோறு போடுது, அதுக்கும் ஒரு பொட்டு வையும் என்றார். அம்மா மாடி ஜன்னல் வழியாகக் கூரையில் இறங்கினார். போத்தலின் கழுத்தில் மூன்று குறி இழுத்தார், பொட்டு வைத்தார், சாம்பிராணி காட்டினார். கடல்காற்று ஒரு வீச்சு வீசியது. தட்டிலிருந்த திருநீற்றில் பாதி அம்மா முகத்துக்கும் பாதி போத்தலின் வாய்க்கும் போனது. தட்டைப் பிடித்திருந்தது நான். பார்த்தேன், சிரித்தேன், சொல்லவில்லை. மாதக் கடைசியில், போத்தலுக்கு அருகே ஏதேனும் இடையூறு உண்டா என்று கேட்ட தாளில் அப்பா இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொய் இல்லை அண்ணா. திருநீறு இடையூறு என்று நம் வீட்டில் யாருக்குத் தோன்றும்?

நிறுத்துப் பார்த்தபோது நம் போத்தலில் மட்டும் மற்றவற்றைப்போல நாலு மடங்கு. அப்பாவின் மேலதிகாரி ஷேக் அலாவுதீன் சார், எதிர்க்கரைத் தொழிற்சாலைப் புகை நேராக இங்கேதான் வருகிறது என்று முடிவு கட்டிவிட்டார். காற்று ஏற்கெனவே இவ்வளவு அழுக்கு, மின்நிலையம் சேர்க்கப்போவது அதில் சொற்பமே என்று அறிக்கையில் ஒரு பந்தியும் எழுதிவிட்டார். எழுத்துப்பிழை பார்க்க அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார், நான் சத்தமாகப் படித்தேன். பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, எந்த மாதத் தூசி என்று கேட்டார். அக்டோபர் என்றேன். கத்தி நின்றது.

அதற்குப் பிறகு நாலு நாள் அம்மாவிடம் நிலக்கரிப் பிரசங்கமே இல்லை, டாக்டரைக் கூப்பிடலாமா என்று அப்பா கேட்டார். நான் மட்டும் அம்மாவின் காதில், கட்டுவதற்கு முன்பே சாம்பல் கக்கிய மின்நிலையம் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் என்றேன். அம்மா சிரிக்கவில்லை. பேசாமல் இரு பிள்ளை, அறிக்கை அப்படியே போகட்டும், மின்நிலையம் வரட்டும், மூர்த்தி வீட்டுக்கு வரட்டும் என்றார். நான் கேலி செய்ய ஆளே இல்லாமல் கஷ்டப்பட்டேன்.

சனிக்கிழமை பாசார் சந்தையில் கெராங் சிப்பி விற்கும் காமாரியா நம் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். ஜுருவில் அவர் வீட்டுக்காரர் சிப்பி எடுக்கும் சேற்றுக்குப் பக்கத்திலேதான் சாம்பலைக் கொட்டக் குளம் வெட்டப்போகிறார்களாம். எனக்கு அந்த அறிக்கை எல்லாம் படிக்கத் தெரியாதுலா அக்கா, உன் வீட்டுக்காரர் சரியாகத்தானே எண்ணுவார், அவர் நல்ல மனுஷன் என்று மலாயில் சொல்லிவிட்டு, நிறுத்த பிறகும் இரண்டு கை சிப்பி கூடுதலாக அள்ளிப் போட்டாராம். அம்மா அதைச் சமைக்கவில்லை. கெராங் தண்ணீரில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, பக்கத்தில் நின்ற அம்மாவும் அப்படியே. மத்தியானம் அப்பா சோற்றில் கை வைத்ததும் அம்மா எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டிவிட்டார்.

அப்பா திருநீறு பூசாமலே வெளுத்துப்போனார். இடையூறு இல்லை என்ற தாளில் இருப்பது அவர் கையெழுத்து. கடைசியில், காகம் எச்சம் போட்டதெண்டு சொல்லிப்போடலாம் என்றார். காகத்தில பழி போடாதேங்கோ, அது சனீஸ்வரன்ட வாகனம், நானே வந்து சொல்லுறன் என்று அம்மா திங்கட்கிழமை சேலை கட்டிக்கொண்டு அப்பாவோடு ஆபீசுக்கே போய்விட்டார். பள்ளி விடுமுறையாதலால் சாட்சியாக நானும் போனேன். ஷேக் அலாவுதீன் சார் முதலில் மேசையில் அடித்துச் சிரித்தார், என்னக்கா, மெஷினுக்குமா விபூதி, நல்லா வச்சீங்க லா என்றார். பிறகு அறிக்கையைப் புரட்டினார், சிரிப்பு நின்றுவிட்டது. நம் போத்தலை எடுத்துவிட்டுப் பார்த்தால் காற்று சுத்தம், மின்நிலையம் சேர்க்கும் தூசி சொற்பம் இல்லை. அந்தப் பந்தியைச் சிவப்பு மையால் அடித்தார். இன்னும் மூன்று மாதம் போத்தல் வைக்க வேண்டும், அப்புறம் மின்நிலையத்தின் இடத்தை மாற்றச் சொல்வார்களோ, மின்நிலையமே வேண்டாம் என்பார்களோ, யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அந்த மின்நிலையத்துக்குத்தான் என் மகன் வேலைக்கு வர இருந்தான் என்று அம்மா சொன்னதும் ஷேக் அலாவுதீன் சார் நிமிர்ந்து பார்த்து, அப்ப ஏன்க்கா வந்து சொன்னீங்க, சும்மா இருந்திருந்தா புள்ள வந்திருக்கும்ல என்று கேட்டார். காமாரியாவின்ட முகத்தைப் பாத்து இனி எப்பிடி நான் கெராங் வாங்குறது என்றார் அம்மா. அந்த இடத்தில் எனக்கும் கேலி ஒன்றும் வரவில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அம்மா சொன்னபடி. தம்பி, என் மேல் கோபம் வேண்டாம். உன் புரபெசரிடம் சாம்பலை எப்படிப் பிடிப்பது, சேற்றில் இறங்காமல் எங்கே வைப்பது என்று கேட்டு, எனக்காக இனிப்புத் தடவாமல் உள்ளபடி எழுது, அப்பா அதை ஆபீசில் காட்டட்டும். காது மூடித் தொப்பி போடு, வெறும் ரொட்டியில் நாளைக் கடத்தாதே. எந்த ஊரில் வேலை போட்டாலும் போ, சோற்றைக் கட்டிக்கொண்டு நான் பஸ் ஏறி வந்துவிடுவேன். பஸ் போகாத ஊராக மட்டும் எடுக்காதே.

நல்லாய் இரு என்று வாழ்த்தும்
அம்மா ஞானாம்பிகை

(சொன்னதை வடிகட்டாமல் எழுதியவள்: பத்மாவதி)