மரவீரனின் இடது கால்

ஜூலை 9, 1914

மழை. கடையில் கூட்டமில்லை. பிர்க்னர் ஐயாவின் வேட்டை பூட்ஸ் மட்டும் மேசையில் இருக்கிறது. சொந்தத் தொழிற்சாலையில் பட்டாளத்துக்கே பூட்ஸ் செய்கிறவர், தன் காலுக்கு மட்டும் என் வீட்டுக்காரர் வின்சென்ஸ் கையால் தைத்ததுதான் வேண்டும் என்பார்.

வருகிறவன் போகிறவன் எல்லாம் சரயேவோ பற்றித்தான் பேசுகிறான். இளவரசரைச் சுட்டுவிட்டார்களே, செர்பியாவை விடக்கூடாதாம். "செர்பியாவுக்கும் நம்ம செருப்புக்கடைக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். வின்சென்ஸ் வாயில் ஆணிகளைக் கவ்வியபடியே சிரித்தார்.

ஆகஸ்ட் 6, 1914

சம்பந்தம் இருக்கிறதாம்! மேயர் சதுக்கத்தில் நின்று விளக்கினார். நாம் செர்பியாவை அடித்தோம். செர்பியாவுக்கு ரஷ்யா துணை, நமக்கு ஜெர்மனி துணை, ரஷ்யாவுக்கு பிரான்ஸ் துணை, அப்புறம் இங்கிலாந்து. நடுவில் மிதிபட்டது பாவம் பெல்ஜியம். தெருச்சண்டை என்றால் விலக்கிவிட நாலு பேராவது வருவார்கள். இங்கே வந்தவனெல்லாம் கட்டையோடு வந்திருக்கிறான்.

வியென்னாவில் இருக்கும் நம் பேரரசருக்கு எண்பத்துமூன்று வயது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டாராம். என் வீட்டை யோசித்தாரா?

நாளை வின்சென்ஸுக்கு ரயில். "இலை உதிர்றதுக்குள்ள வந்துடுவேன், சென்சி" என்கிறார்.

அக்டோபர் 30, 1914

இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது.

மே 24, 1915

நேற்றுவரை நம் கூட்டாளி, இன்று எதிரி. இத்தாலியும் இறங்கிவிட்டது. ரஷ்யாக்காரனிடமிருந்து தப்பினாரே என்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தால், வின்சென்ஸின் படையை இத்தாலி மலைக்கு மாற்றுகிறார்களாம். சீட்டாட்டத்தில் கூட்டாளி மாற்றுகிற மாதிரி மாற்றிக்கொள்கிறார்கள் இந்தப் பெரிய மனிதர்கள்.

செப்டம்பர் 12, 1915

நம் ஊருக்கும் மரவீரன் வந்துவிட்டான். வியென்னாவில் ஆரம்பித்த கூத்து. சதுக்கத்தில் மரத்தால் ஒரு போர்வீரன். காசு கொடுத்து ஆளுக்கொரு ஆணி அடிக்க வேண்டும், கடைசியில் மரம் முழுக்க இரும்பாகிவிடும். போர்முனையில் இருப்பவரை நினைத்து அடித்தால் அவருக்கு ஒன்றும் ஆகாதாம். நமக்கு இரும்பாணி. பிர்க்னர் ஐயாவுக்குத் தங்க ஆணி! நெஞ்சின் நடுவில் அடித்தார், பேண்டு வாத்தியம் முழங்கியது.

நம்பிக்கை இல்லை எனக்கு. ஆனாலும் வரிசையில் நின்றேனே, என்ன செய்ய? 'கால் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது' என்று போன கடிதத்தில் எழுதியிருந்தார். நேராகக் குனிந்து இடது காலில் ஆணியை வைத்தேன்.

"நெஞ்சுல அடிங்கம்மா, அதுதான் வழக்கம்" என்றார் மேயர்.

"நெஞ்சை அவர் பார்த்துக்குவார். எனக்குக் கால்தான் கவலை" என்றேன்.

ஒரே அடி. கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும்.

நவம்பர் 23, 1916

கிழவர் போய்ச் சேர்ந்தார். புதுப் பேரரசர் சமாதானத்தை விரும்புகிறார் என்கிறார்கள். விரும்பினால் நிறுத்த வேண்டியதுதானே!

ஜனவரி 18, 1917

கிராட்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன்.

இடது கால் இல்லை. கணுக்காலுக்கு மேலே வெட்டிவிட்டார்கள். பனி தின்றுவிட்டது.

"பட்டாளத்துல குடுத்த பூட்ஸ்ல அடிப்பகுதி தோல் இல்ல சென்சி, அட்டை" என்றார். "பனியில ஊறி, காப்பியில முக்கின ரொட்டி மாதிரி விட்டுப்போச்சு. நானே கத்தியால பிரிச்சுப் பார்த்தேன். உள்ளே பிர்க்னர் முத்திரை." சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். சிரிக்கிறாராம்! ஒரு செருப்புத் தைக்கிறவன் காலுக்கு அட்டையா? நான் ஆணி அடிச்ச அதே கால். எந்தக் கடவுளைப் போய்க் கேட்பேன்?

ஜனவரி 20, 1917

பிர்க்னர் வீட்டு வாசலிலேயே பிடித்தேன்.

"யுத்தம்மா இது. தோல் எங்கே கிடைக்குது?"

"உங்க காலுக்கு மட்டும் கிடைச்சுதே?" என்றேன். என் புருஷன் தைத்த பூட்ஸோடுதான் நின்றார்.

சாயங்காலமே போலீஸ் வந்தது. இன்னொரு தரம் வாய் திறந்தால் தேசத்துரோகமாம். துரோகி நான்!

ஏப்ரல் 10, 1917

அமெரிக்காவும் ஜெர்மனிமேல் பாய்ந்துவிட்டது. இன்னும் யார் பாக்கி?

நவம்பர் 14, 1918

முடிந்துவிட்டது. பேரரசர் ஒதுங்கிவிட்டார், நாடு துண்டு துண்டாகிவிட்டது, மிச்சத்துக்குக் குடியரசு என்று பெயர். சதுக்கத்தில் புதுக் கொடி. மேடையில் யார்? பிர்க்னர்! "நாம் எல்லோரும் ஏமாற்றப்பட்டோம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏமாந்தது நாங்க. நீ எப்படா ஏமாந்தே?

டிசம்பர் 3, 1918

ஊரில் ஆணி கிடையாது. பூட்ஸ் அடிக்க ஆணி வேண்டுமே! ஜனங்கள் குறடு எடுத்துக்கொண்டு மரவீரனிடம் போய்விட்டார்கள். நானும் போனேன். முதலில் இடது காலில் இருந்த என் ஆணி. அப்புறம் நெஞ்சில் இருந்த தங்க ஆணி. குறடு பட்டதும் பூச்சு உரிந்துவந்தது. உள்ளே இரும்பு.

மத்தியானம் பிர்க்னரே கடைக்கு வந்தார், கையில் அதே வேட்டை பூட்ஸ். அடிப்பகுதி மாற்ற வேண்டுமாம். "வச்சுட்டுப் போங்க ஐயா" என்றார், ஒற்றைக் காலோடு மறுபடி தொழிலில் உட்கார்ந்துவிட்ட வின்சென்ஸ். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

டிசம்பர் 7, 1918

பூட்ஸை வாங்க வந்தார். வின்சென்ஸ் வலது பூட்ஸை மட்டும் துடைத்து நீட்டினார்.

"இடது எங்கே?"

"அது எனக்கு வேணும் ஐயா."

"போலீஸைக் கூப்பிடுவேன்!"

"எந்த நாட்டுப் போலீஸை?" என்றேன் நான். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. வலது பூட்ஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

வின்சென்ஸ் லிண்டன் மரத்தில் ஒரு பாதம் செதுக்கி வைத்திருக்கிறார். பிர்க்னரின் இடது பூட்ஸ் தோலை வெட்டி, காலோடு கட்டிக்கொள்ள அதற்குப் பட்டை போட்டார். 1914-இல் அவரே தைத்த தோல், ஒரு விரிசல் இல்லை. கடைசி ஆணிக்குக் கையை நீட்டினார். மரவீரன் காலில் இருந்து பிடுங்கிய என் ஆணியை அவர் கையில் கொடுக்காமல், சுத்தியலை வாங்கி நானே அதை அடித்தேன்.

ஒரே அடி. பாதத்தை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.