ஈட்டிக்காட்டின் மண் மிதித்துச் சொன்ன சொல்

மங்கலம் நிலைக்க. நெல் விளையும் ஆற்றுப்படுகையும், இரும்பு விளையும் செம்மேடும், தேன் விளையும் மலைத்தொடரும் ஒரு குடைக்கீழ் அடங்க நெடுங்கரை நாட்டை ஆண்டருளும் எழினிமாதேவியார் திருமுன்புக்கு, முப்பத்தாறு ஆண்டு வடகணவாயைக் காத்து முழங்கால் தேய்ந்த சாத்தன் பூதன் தலைதாழ்த்தி வரைந்த ஓலை. தேவியார் நலமும் இளங்கோவின் நலமும் பட்டத்து யானையின் கால்புண் ஆறிய செய்தியும் அறிய விழைகிறேன். இங்கே மழை இல்லை. மற்றபடி நலம்.

இக்காலத்து மக்களின் நடப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நெஞ்சில் கிடந்து உறுத்தும். முன்பு அவைக்கு வருகிறவன் வாயைக் கழுவிக்கொண்டு வருவான். இன்று வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வருகிறான். எதிராளி பேசும்போது காது கொடுப்பதில்லை. தான் அடுத்து என்ன பேசுவது என்று உதடு அசைத்துக்கொண்டே இருக்கிறான். தனக்கு ஏற்ற சொல் விழுந்தால் தொடையைத் தட்டுகிறான், ஏற்காத சொல் விழுந்தால் இருமுகிறான். மூன்று நாள் அந்த இருமலைக் கேட்டேன். நாட்டில் சளி பரவியதோ என்று முதல் நாள் எண்ணினேன்.

தேவியார் என்னை எதற்கு அனுப்பினீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. பொதுக்காடுகளை இரும்புலைகளுக்குக் கரி சுட விடலாமா, கூடாதா என்று நாட்டுக்கு ஒரு விதி செய்ய வேண்டும். அதற்கு முன் ஈட்டிக்காட்டின் வழக்கை அவையில் கேட்டு, தீர்ப்பை ஓலையில் ஏற்றி முத்திரை இட வேண்டும் என்பது கட்டளை. எழுத்தறிவு மிக்க அமைச்சர் எழுவர் இருக்க என்னை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். உமக்கு இரு பக்கத்தார் மேலும் நம்பிக்கை இல்லை, அதனால் அனுப்புகிறோம் என்று அருளினீர்கள். அது உண்மை. இப்போதும் இல்லை.

வழக்கு இதுதான். ஈட்டிக்காடு மலையின் கீழ்ச்சரிவில் கிடக்கிறது. அதன் அடியில் உலையூர். அங்கே ஏழு உலைகள். நாட்டின் ஏர்க்கொழு முனைகளும் அரிவாள்களும் அங்கிருந்தே வருகின்றன. காட்டின் தலைமாட்டில் மேற்சுனை என்னும் நாற்பது அடுப்புகள் உள்ள ஊர். காட்டுக்குள் ஊறும் ஒரே சுனைதான் அவ்வூரின் குடிநீர். உலையூரார் பழைய காட்டை எரித்துத் தீர்த்துவிட்டார்கள். கரி இல்லாமல் இரண்டு உலைகள் ஆறிவிட்டன. ஈட்டிக்காட்டை முழுவதும் கொடுங்கள் என்கிறார்கள். ஒரு கிளையைக்கூடத் தொடாதீர்கள் என்கிறார்கள் மேற்சுனையார். காடோ யாருக்கும் சொந்தமில்லை, அதாவது எல்லாருக்கும் சொந்தம். சண்டைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நம் அவையின் பழைய முறையைத் தேவியார் அறிவீர்கள். பொதுநிலம் பற்றிப் பேசுகிறவர் அந்த நிலத்தின் மண்ணை வெறுங்காலால் மிதித்துக்கொண்டு பேச வேண்டும். மண்ணை விட்டு இறங்கிச் சொன்ன சொல் ஓலையில் ஏறாது. அதற்கென்று அகன்ற வெண்கலத் தட்டில் மண் பரப்பி அவை நடுவே வைப்பார்கள்.

முதல் நாள் அந்த மண்ணில் ஏறியவர் உலையூர்த் தலைவர் நன்னாகன். தோள் இரண்டும் தீப்பொறி பட்டுப் பொத்தல் விழுந்த மனிதர். ஆறிய உலைகளைப் பற்றிப் பேசும்போது அழுதுவிட்டார். உலை அணைந்த வீட்டார் பதினோரு குடும்பம் அயல்நாட்டுக்கு மூட்டை கட்டிவிட்டதாகவும், தம் மகளும் மருமகனும் அதில் அடக்கம் என்றும் சொன்னார். அழுகையை நான் எளிதில் நம்புகிறவன் அல்லன். ஆனாலும் அந்த மனிதர் அழுதுவிட்டு வெட்கப்பட்டுத் தலைப்பாகையால் முகம் துடைத்த விதம் பொய்யாகத் தெரியவில்லை. இரண்டாம் நாள் நிலமளக்கும் தத்தன் மண்ணில் ஏறி, ஈட்டிக்காடு வறண்ட நிலம், சுனை என்பது மழைநீர் தேங்கும் குட்டை, கோல் வைத்து அளந்துவிட்டேன் என்று ஐயமின்றி உரைத்தார். தொடைகள் தட்டப்பட்டன.

மூன்றாம் நாள் மேற்சுனை ஊராரின் சார்பில் தேனச்சி என்பவள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஆடு மேய்ப்பவள். தட்டில் ஏறினாள், கீழே பார்த்தாள், இறங்கினாள். ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "பெரியவரே, இது எங்க மண்ணு இல்ல" என்றாள்.

அவை சிரித்தது. மண்ணுக்குப் பேர் எழுதி ஒட்டியிருக்குமா ஆத்தா என்று ஒருவர் கேட்டார். அவள் கோபிக்கவில்லை. "எங்க காட்டுல நடந்தா கால் கருத்துப் போவும். மூணு நாள் தேய்ச்சாலும் போவாது. இதுல ஏறி எறங்குனேன், கால் வெளுத்துப் போச்சு. ஆத்து மணல்ல நின்னுக்கிட்டு நான் காட்டப் பத்திப் பேசமாட்டேன்" என்றாள்.

நான் இறங்கிப் போய் மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தேன். மணல்தான். சலித்து எடுத்த நல்ல ஆற்று மணல். அவைக்கணக்கன் கண்ணந்தையை அழைத்தேன். அவன் மறைக்கவில்லை, அந்த மட்டில் நல்லவன். ஒவ்வொரு வழக்குக்கும் காடு மேடு ஏறி மண் சுமந்துவர ஆள் கிடைப்பதில்லை என்றும், ஈர மண் தட்டைக் கறையாக்குகிறது என்றும், ஆகவே பதினாறு ஆண்டாக இதே மணலைத்தான் பெருக்கிப் பெருக்கி வைத்து வருவதாகவும் விண்ணப்பித்தான். "மண்ணு மண்ணுதானுங்களே ஐயா" என்றான்.

தேவியாரே, பதினாறு ஆண்டின் பொதுநிலத் தீர்ப்புகள் அந்த மணல்மேல் நிற்கின்றன. அவற்றைக் கிளற வேண்டாம் என்று கண்ணந்தை கெஞ்சுகிறான். கிளறுங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் தாங்கள் அறியாமல் இருக்கக் கூடாது, அதனால் எழுதினேன்.

முறைப்படி அந்த மூன்று நாள் பேச்சும் செல்லாது என்று அறிவித்தேன். நன்னாகன் எழுந்து நின்றார். "அப்ப நான் அழுததெல்லாம் ஆத்து மணலுக்கா ஐயா?" என்றார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. நாளைக் காலை அவை முழுவதும் ஈட்டிக்காட்டுக்கு ஏறட்டும், அங்கேயே நின்று பேசுவோம் என்று மட்டும் சொன்னேன்.

ஏறினோம். அவையோர் இருபத்திரண்டு பேர். பாதி வழியில் ஒன்பது பேருக்கு மூட்டு வலி வந்தது. எல்லாரும் என்னைவிட இளையவர்கள். காட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றச் சொன்னேன். சிறிது நேரத்தில் அத்தனை பெரியவர்களின் கால்களும் எருமைக் கால்களாகிவிட்டன. தேனச்சி அதைப் பார்த்தாள். முன்னே நடந்தாள். சிரிக்காதது அவள் பெருந்தன்மை.

முதலில் தத்தனை அழைத்தேன். அவர் அளந்ததாகச் சொன்ன சரிவின் நடுப்பள்ளத்தில் நிற்கச் சொன்னேன். பங்குனி வெயில். மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். எழுபது நாள் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கால்விரல்களுக்கு இடையே நீர் ஊறி மேலே வந்தது. கணுக்கால்வரை இறங்கிவிட்டார். இருவர் பிடித்து இழுத்தார்கள். இந்தப் பள்ளத்துக்கு உண்மையில் இறங்கி வந்தீரா என்று கேட்டேன். மேலே பாறையில் நின்று பார்த்து எழுதியதாக ஒப்புக்கொண்டார். சுனை உண்டு என்று அவரே கண்ணந்தையிடம் சொல்லி ஓலையில் ஏற்றினார்.

மேற்சுனையார் ஆரவாரம் செய்தார்கள். அந்த ஆரவாரம் அடங்குமுன் தேனச்சியை அழைத்தேன். எங்கள் ஊரார் இக்காட்டில் ஒரு கிளையும் வெட்டியதில்லை என்று சொல்லத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். நான் அவளை நிறுத்திய இடத்தில் முழங்கால் உயரத்தில் வெட்டுக்கட்டைகள் இருபதுக்குமேல் நின்றன. உலையூரார் கோடரியால் அடிமரத்தில் வெட்டுவார்கள். இவை கொடுவாளால் பாதியில் வெட்டியவை. பால் இன்னும் காயவில்லை. அவள் கட்டைகளைப் பார்த்தாள். தன் ஊராரைப் பார்த்தாள். அவர்கள் மரங்களைப் பார்த்தார்கள்.

"எங்க ஆளுங்கதான். சந்தைக்கு வெறகு. இல்லன்னு பொய் சொல்லத்தான் வந்தேன் பெரியவரே, இந்த மண்ணுல நின்னு வாய் வரல" என்றாள்.

மண் தடுத்ததோ, கட்டைகள் கண்முன்னே நின்றதால் தடுத்ததோ, நான் அறியேன். ஆனால் அதன்பின் அவள் சொன்னதை முழுவதும் நம்பினேன். அடுத்த மலைக்கு மொட்டைமலை என்று பெயர். அது மொட்டையாக இல்லாத நாளில் அவள் அங்கே பிறந்தவளாம். மரம் போன நான்காம் ஆண்டில் அங்கே சுனை ஊறுவது நின்றதாம். ஊரார் ஒருநாள் அடுப்புக்கற்களையும் பெயர்த்துக்கொண்டு சமவெளிக்கு இறங்கிவிட்டார்கள். அவளுடைய தாய் மட்டும் இறங்க மறுத்து, வற்றிய சுனைக்குழியில் கையால் தோண்டிக்கொண்டே இருந்து, மூன்றாம் நாள் கையைப் பிடித்து இழுத்து வரப்பட்டாளாம். "எனக்கு இன்னொரு வாட்டி அடுப்புக் கல்லத் தூக்க முடியாது" என்றாள் தேனச்சி.

நன்னாகன் இரண்டாம் முறை அழவில்லை. கரிய மண்ணில் நின்று, உலை ஒருமுறை ஆறிவிட்டால் களிமண் வெடித்துவிடும், புதிதாகக் கட்டி மூட்ட ஆறு திங்கள் ஆகும், அதுவரை கொல்லர் காத்திருக்கமாட்டார்கள், போனவர்கள் திரும்பமாட்டார்கள் என்று வறட்சியாகச் சொன்னார். பேசிவிட்டு இறங்கப் போனவரைத் தேனச்சி நிறுத்தினாள். அவை முறையில் இது இல்லை, நான் தடுக்கவில்லை.

"ஏய்யா, வருசத்துக்கு எத்தன மரம் வேணும்? கூட்டிச் சொல்லாத."

"அவையில கூட்டித்தான் சொன்னேன்."

"தெரியும். இப்ப கொறச்சுச் சொல்லு."

அவர் விரல்விட்டு எண்ணினார். முன்பு கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று வந்தது. அவையோர் இருமவில்லை. அன்று மாலைக்குள், அமைச்சர் எழுவரும் ஓராண்டாக எழுதி எழுதி அடித்த விதியை, ஆடு மேய்ப்பவளும் கொல்லரும் வெட்டுக்கட்டைகள்மேல் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். நான் அதைத் தேவியார் பெயரால் கட்டளையாக்கினேன். கட்டளையின் சொல் வருமாறு:

பங்குனித் திங்களில் வெறுங்காலுக்கு ஈரம் தட்டும் நிலம் எதுவரை செல்கிறதோ அதுவரை கோடரியும் கொடுவாளும் நுழையலாகாது. இது உலையூரார்க்கும் மேற்சுனையார்க்கும் ஒக்கும். எஞ்சிய காட்டை எட்டுக் கூறாக்கி ஆண்டுக்கு ஒரு கூறு வெட்டுக. எந்த மரம் என்று குறியிடுவது மேற்சுனையார், வெட்டுவது உலையூரார். குறியில்லாத மரத்தைத் தொட்டவர் உலையூராராயின் அவ்வாண்டுக் கூறினையும், மேற்சுனையாராயின் குறியிடும் உரிமையையும் இழப்பர். வெட்டிய கூறில் மூன்றாண்டு ஆடு விடலாகாது, துளிர் எழட்டும். இனிப் பொதுநிலம் பற்றிய எவ்வழக்கும் அந்நிலத்தின்மேல் நின்றே கேட்கப்படுக. வெண்கலத் தட்டும் மணலும் அவையிலிருந்து அகற்றப்படுக. நாட்டின் மற்றக் காடுகளுக்கும் இதுவே விதியாகுமா என்பது தேவியார் திருவுளம்.

ஆட்டுக்காரி ஆட்டை விடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டதைக் கண்ணால் கண்டேன். கரி கேட்டு வந்தவர் கேட்டதில் மூன்றில் இரண்டு பங்கை விட்டுக்கொடுத்ததையும் கண்டேன். இருவர்மேலும் எனக்குக் குறையில்லை. இந்த வயதில் எனக்கு இத்தனை மரியாதை தோன்றிய மனிதர்கள் குறைவு. அவையோர் கண் கலங்கினார்கள். கண்ணந்தை, இனி நாட்டில் காட்டுச் சண்டையே இராது என்று சொல்லிச் சுனைநீரை எல்லாருக்கும் முகந்து கொடுத்தான். நானும் குடித்தேன். இனிப்பான நீர்.

ஆனால் நான் நம்பவில்லை. தேனச்சி சொல் காப்பாள். கொடுவாள் வைத்திருக்கும் மற்ற முப்பத்தொன்பது அடுப்புகளை நான் அறியேன். நன்னாகன் சொல் காப்பார்; போர் வந்து தேவியாரே ஆயிரம் வேல்முனை கேட்டால் எட்டுக் கூறு என்னாகும் என்று அவரும் அறியார். கோபிக்க வேண்டாம். கணவாயில் நின்றவனுக்கு எதிரில் வருபவர் நண்பர் என்று எண்ணும் பழக்கம் வராது.

முதல் மரத்துக்குக் குறியிடும்போது இருந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மாட்டேன் என்று இறங்கினேன். பாதிச்சரிவில் வரும்போது மேலே கோடரிச் சத்தம் கேட்டது. குறியிட்ட மரமா, இடாத மரமா, ஈரப் பக்கமா, வறண்ட பக்கமா, மலையில் ஒலி எங்கிருந்து வருகிறது என்று எவராலும் சொல்ல முடியாது. நின்றேன். திரும்பி ஏறிப் பார்த்தால் இன்று ஒரு மரத்தைக் காக்கலாம். எட்டு ஆண்டு அங்கேயே நிற்க என் முழங்காலுக்கு வலுவில்லை. இறங்கிவிட்டேன்.

அடிவாரச் சாவடியில் இதை எழுதி, தேவியார் அளித்த முத்திரையை அரக்கில் பதித்து, முத்திரையையும் ஓலையோடு சேர்த்து அனுப்பிவைக்கிறேன். இவ்வோலை கண்ட நாள் முதல் மேற்படி கட்டளை நடந்தேறுக. காடும் உலையும் சுனையும் தேவியார் குடைக்கீழ் வாழ்க. என்னை அழைத்து ஆள் அனுப்ப வேண்டாம். தாங்கள் இதைப் படிக்கும்போது வடகணவாய்க்கு நடந்துகொண்டிருப்பேன்.

இப்படிக்குச் சாத்தன் பூதன், கையெழுத்து.