யாருடைய ஆட்டுக்கல்?

தங்கச்சிக்கு,

பக்கத்து வீட்டுக்கே கடிதமா என்று சிரிக்காதே. பதினோரு வருடமாகப் பேசாதவளுக்கு வேறு எப்படிச் சொல்வது?

காய்ச்சல் கணக்கெடுக்க வந்த நர்சு ஜெயசித்ரா, "யாருக்கு ஆயா மொதல்ல வந்துச்சு?" என்றாள். எனக்குச் செவ்வாய், உனக்கு வெள்ளி என்றேன். நீ மறைத்தாலும் எனக்குத் தெரியாதா?

பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவே கிடக்கும் அம்மாவின் ஆட்டுக்கல்லைப் பார்த்தாள். குழியில் மழைத் தண்ணீர், அதில் கொசுப்புழு. "இது யாருது?"

"என் தங்கச்சிது" என்றேன். முதல் முறையாக விட்டுக்கொடுத்தேன்.

"அவங்க உங்களுதுன்னு சொல்றாங்களே!"

அம்மா செத்த அன்று, அவளைத் தூக்குவதற்கு முன்பே "கல்லு எனக்குத்தான்" என்று அதன்மேல் உட்கார்ந்தவள் நீ.

வருகிற வெள்ளிக்கிழமை உன் மகள் கண்ணகி பிரசவத்துக்கு வருகிறாளாம். மாசமாக இருப்பவளுக்குச் சிக்குன்குனியா வந்தால் பிள்ளைக்கும் ஆபத்து என்றாள் நர்சு. கண்ணகியை முதலில் கையில் வாங்கியவள் நான்.

தண்ணீரை இறைத்தேன், மழை மறுபடி நிரப்பிவிட்டது. கவிழ்த்துத்தான் போட வேண்டும். வீங்கிய கையோடு என்னால் தனியாக முடியவில்லை, உன்னாலும் முடியாது. காலையில் வா. பேச வேண்டாம், ஒரு பக்கம் பிடித்தால் போதும்.

கவிழ்த்த பிறகு கல் என்னுடையது.

உன் அக்கா