தாய்மாமனாக உட்கார்ந்த அண்ணனுக்கு

அண்ணே,

வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன். எனக்குப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை பிடிக்கும். தில்லை நகரில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. பட்டை தீட்டிய கல்லை வியாபாரியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அந்தக் கடைக்கு எதிரே கொஞ்ச நேரம் நிற்பேன். போன வாரம் கடைக்காரர், "என்னம்மா, வண்டி எங்க?" என்று கேட்டுவிட்டார். என்னிடம் வண்டியும் இல்லை, டியூபும் இல்லை. கண்ணை மூடி மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். "பஸ்ஸுக்கு நிக்கிறேங்க" என்றேன். அந்தத் தெருவில் பஸ் வராது.

அந்த வாசனை வந்தால் கூடவே நீங்களும் வந்துவிடுகிறீர்கள். உறையூரில் எங்கள் தெருமுனையில் உங்கள் வாடகை சைக்கிள் கடை, தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கி முட்டை முட்டையாகக் காற்று வருவதைப் பார்க்கும் உங்கள் முகம். நான் வீட்டுக்குள் சாணைச் சக்கரத்தைப் போட்டுக்கொண்டு மூக்குத்திக் கல் தீட்டுவேன். கையும் ஓடும், வாயும் ஓடும். எனக்கு ‘ரேடியோ’ என்று பேர் வைத்தது நீங்கள்தான். என்றைக்காவது நான் பேசாமல் இருந்தால், "என்ன, ஸ்டேஷன் மூடிட்டாங்களா?" என்று கடையிலிருந்தே குரல் கொடுப்பீர்கள். தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் முதலில் உங்கள் கடைக்குத்தான் தெரியும். உங்களை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

சரோஜா வந்தது ஓர் ஆடி மாதம். காட்டூர்ப் பக்கம் லாரி ஷெட்டில் வேலை பார்த்தவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. இடுப்பில் குழந்தை செல்வி. சொந்த அண்ணன் வீடு எங்களுக்கு அடுத்த தெருவில்தான் இருந்தது. அங்கே கதவைத் திறக்கவில்லை. கல் வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். அந்தக் கையை வைத்துக்கொண்டு வேலை கேட்கிறாளே என்று உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள்தான் ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீர்கள். கட்டுப் போட்டு வந்ததும் அவள் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என்னைத் திருப்பி மட்டும் அனுப்பிடாதீங்கக்கா."

கேட்டது என்னிடம், பதில் சொன்னது நீங்கள். "நான் இருக்கேன்மா. எவன் வந்து கூப்பிடறான்னு பாத்துடறேன்."

இன்றைக்கும் அந்த வாக்கியம் என் காதில் அப்படியே இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுதி வைத்துப் பழக்கமில்லை, அதனால் கேட்டதெல்லாம் மண்டையில் தங்கிவிடும். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

அவளுக்கு ஓர் அறை பிடிக்க வேண்டும், சொந்தமாக ஒரு சக்கரம் வாங்கித் தர வேண்டும், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். தெருப் பெண்கள் நாங்கள் முதலில் ஓர் உண்டியலைத் தூக்கிக்கொண்டு கடைவீதியில் இறங்கினோம். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர்களுக்கு அவசர வேலை வந்துவிடும். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், அடித்தவனே வந்து அழைத்துப் போவான், நடுவில் நாம் எதற்கு என்று புத்தி சொன்னார். புத்தியை உண்டியலில் போட முடியாது. வெறும் தகரத்தை ஆட்டிக்கொண்டு வந்தவளைக் கூப்பிட்டு நீங்கள் ஒரு வழி சொன்னீர்கள்.

"ரேடியோ, வீட்டை விட்டு வந்த பொம்பளைக்குக் குடுன்னா எவனும் குடுக்க மாட்டான். காதுகுத்துன்னு சொல்லு. கடனை வாங்கியாவது மொய் எழுதுவான்."

செல்விக்கு அதுவரை காது குத்தவில்லை. அப்பன் பம்பாயில் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டுமே, அவன்தான் கதவைச் சாத்தியவனாயிற்றே என்றேன். நீங்கள் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "ஏன், எனக்கு மடி இல்லையா?" என்று கேட்டீர்கள். "இருக்கும்ணே, தொப்பைக்குக் கீழ தேடிப் பாக்கணும்" என்றேன். கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீங்களும்தான்.

சீரங்கத்துக்கு அழைக்கப் போனது ஞாபகம் இருக்கிறதா? உத்திர வீதியில் என்னிடம் மூக்குத்திக் கல் வாங்கும் மாமி ஒருவர். உங்களையும் சரோஜாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தாய்மாமாங்கறேள், ஜாடையே காணோமே?" என்றார். நான் முழித்தேன். நீங்கள் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. நான் அப்பா ஜாடை, தங்கச்சி அம்மா ஜாடை என்றீர்கள். அதோடு விட்டீர்களா? அம்மா போனபோது இவள் கைக்குழந்தை, நான்தான் தூக்கி வளர்த்தேன் என்று சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்தீர்கள். மாமியும் துடைத்துக்கொண்டார். பஸ் காவேரிப் பாலத்தில் திரும்பும்போது, பொய்க்கு எதற்கு அண்ணே நிஜ அழுகை என்று கிண்டல் பண்ணினேன். நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விசேஷத்தன்று நீங்கள் சீர் கொண்டுவந்த அழகை எங்கள் தெரு இன்னும் பேசுகிறது. கடையில் இருந்த வாடகை சைக்கிள்கள் அத்தனையும் வரிசையாக வந்தன. ஒவ்வொரு கேரியரிலும் ஒரு தட்டு: பழம், தேங்காய், பட்டுப்பாவாடை, பொட்டுத் தங்கத்தில் ஒரு ஜோடித் தோடு. முன்னால் தலைப்பாகையோடு நீங்கள். மைக் செட் அலறியது. ஆசாரி ஊசியை எடுத்ததும் செல்வி உங்கள் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். அவள் காதில் வந்ததைவிட உங்கள் விரலில்தான் ரத்தம் அதிகம். அப்படியும் நீங்கள் மடியை அசைக்கவில்லை.

அறை கிடைத்தது, சக்கரம் வந்தது. கட்டுப் பிரித்த கையோடு சரோஜா என் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டாள். சிரிக்கக்கூடக் கற்றுக்கொண்டாள். அவளைப் பார்த்து வேறு பெண்களும் பிள்ளைகளோடு வந்தார்கள். அவர்களுக்கும் காதுகுத்து வைத்தோம், அங்கேயும் நீங்கள்தான் மாமன். அரிசிக்கடைக்காரர், உங்களுக்கு மொத்தம் எத்தனை தங்கச்சி என்று கேட்டார். "எங்கப்பா கொஞ்சம் ஊர் சுத்துவாருங்க" என்றீர்கள். செத்துப்போன மனுஷன்மேல் பழியைப் போட்டு நம் பொய்யைக் காப்பாற்றினீர்கள் என்று நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அண்ணே, இதற்குமேல் சிரிப்பாக எழுத வரவில்லை.

மகளுக்குக் காது குத்திய சேதி காட்டூருக்கும் போயிற்று. சரோஜா புருஷன் என் வீட்டுக்கு வரவில்லை. சரோஜாவின் அறைக்கும் போகவில்லை. வெற்றிலை, பழம், பூ எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு நேரே உங்கள் கடைக்கு வந்தான். "மச்சான்" என்று கூப்பிட்டு உங்கள் காலில் விழுந்தான். இதையெல்லாம் பக்கத்து டீக்கடைக்காரர் பிறகு எனக்குச் சொன்னார். அவன் புத்திசாலி அண்ணே. நாம் ஊரை நம்பவைக்கப் போட்ட வேஷத்தைக் கதவாக்கி அதன் வழியாகவே உள்ளே வந்தான். நீங்கள் அவளுக்கு அண்ணன் என்றால் அவன் உங்களுக்கு மாப்பிள்ளை. மாப்பிள்ளை வந்து பணிந்து நின்றால் தங்கையை மரியாதையாக அனுப்பி வைப்பதுதானே அண்ணனுக்கு முறை? முறை செய்யும் ஆசை உங்களை விழுங்கிவிட்டது.

அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். ஏமாந்த மனுஷன் என்று தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அவளை அவனோடு அனுப்பிய அன்று காலையில் நீங்கள் என் வாசலுக்கு வந்து, "என்ன ரேடியோ, இன்னிக்கு சீரங்கம் போகலையா?" என்று கேட்டீர்களே. அடுத்த பெண்ணின் பிள்ளைக்குக் காதுகுத்து என்று மாமி வீட்டு வரிசையில் அழைக்க நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து, நான் ஏறும்வரை நின்று, கையும் காட்டினீர்கள். அப்போதே வாடகைக் கார் சொல்லி வைத்திருந்தீர்கள். நான் இருந்தால் வாசலில் குறுக்கே படுத்துவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் என்னை ஏற்றிவிட்டீர்கள்.

திரும்பி வந்தபோது அறை திறந்து கிடந்தது. சக்கரத்தின்மேல் ஒரு துணியைப் போர்த்தி வைத்திருந்தாள். நேரே உங்கள் கடைக்கு வந்தேன். நீங்கள் ஏதோ ஒரு வீலைச் சுற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். புதுப்புடவை, மஞ்சள், குங்குமம் எல்லாம் கொடுத்துத்தான் அனுப்பியதாகச் சொன்னீர்கள். "கட்டிக்குடுத்த எடத்துல இருக்கறதுதானேம்மா அவளுக்கு மரியாதை" என்றீர்கள்.

"யாருண்ணே கட்டிக்குடுத்தது? நீங்களா?"

வீலைக் கையால் நிறுத்தினீர்கள். காலில் விழுந்தவனை எப்படித் துரத்துவது என்றீர்கள்.

"அவ உங்க கால்ல விழல. அதனாலதான் அவளைத் துரத்திட்டீங்க."

அதுதான் நான் உங்களிடம் கடைசியாகப் பேசியது.

தை முடிவதற்குள் அவள் திரும்பி வந்தாள். உச்சி வெயிலில், டவுன் பஸ்ஸில், குழந்தையைப் பிடித்துக்கொண்டு. அதே மணிக்கட்டு, இந்த முறை எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. நீங்கள் சீராகப் போட்ட தோடு செல்வி காதில் இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி சொருகியிருந்தது. ஏண்டி அன்றைக்குக் கத்தவில்லை, தெருவே வந்திருக்குமே என்று கேட்டேன். "அண்ணன் சொன்னாரேன்னு போனேன்க்கா" என்றாள். கதவைத் திறந்த ஒரே அண்ணன் நீங்கள்தானாம். உங்கள் பேச்சை எப்படித் தட்டுவாளாம். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

மறுநாள் நீங்கள் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து என் வாசலில் நின்றீர்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். ரேடியோ என்று கூப்பிட்டீர்கள். ஸ்டேஷன் மூடித்தான் கிடந்தது. அதற்குப் பிறகு எத்தனை வருஷம் ஒரே தெருவில் இருந்தோம்! உங்கள் கடையைத் தாண்டும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்து நடந்தேன். அந்தப் பக்கச் சுவரில் இருந்த சினிமா போஸ்டர் முழுக்க எனக்கு மனப்பாடம். சரோஜா புருஷன் பிறகும் வந்தான். தெருப் பெண்கள் அத்தனை பேரும் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பினான். அப்புறம் வரவில்லை.

போன மாசியில் நீங்கள் போனபோது நான் தெருமுனை வரைதான் வந்தேன். சரோஜா உள்ளே வந்து உங்களுக்கு மாலை போட்டாள். அது அவள் மனசு. அவள் இப்போது இடது கையால் தீட்டுகிறாள். செல்வி ஹைஸ்கூல் போகிறாள். இந்த மடலில் எழுத்துப் பிழையெல்லாம் அவள்தான் திருத்துகிறாள். உங்களைப் பற்றி எழுதிய எதையும் அவள் மாற்றச் சொல்லவில்லை.

நீங்கள் சொல்லிக்கொடுத்த வழி இன்னும் நடக்கிறது அண்ணே. காதுகுத்து என்றால் இன்னும் மொய் எழுதுகிறார்கள், பெண்களுக்கு இன்னும் அறை பிடிக்கிறோம். உங்கள்மேல் கோபம் இருக்கும்போதே உங்கள் வழியில்தான் நடக்கிறேன், என்ன செய்ய? ஒன்றை மட்டும் மாற்றிவிட்டேன். மாமன் இடத்தில் நான் உட்காருகிறேன். முதல் முறை ஒரு பெரியவர் எழுந்து, பொம்பளை மடியிலா என்று சத்தம் போட்டார். இவளுக்கு நிற்கிற மாதிரி ஒரு மாமனைத் தேடிக் கொண்டு வாருங்கள், உடனே எழுந்துவிடுகிறேன் என்றேன். அவர் சாப்பாட்டுப் பந்தியைத் தேடிப் போனார்.

போன மாதம் வசந்தா என்கிற பெண்ணின் பையனுக்குக் குத்தினோம். பத்து நாள் போகவில்லை, அவள் புருஷன் தட்டில் பழத்தோடு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். வசந்தா உள் அறையில் பையனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். மச்சான் என்று கூப்பிட என்னிடம் மீசை இல்லை. கொஞ்சம் திணறிவிட்டு, "அக்கா" என்றான்.

"அக்கான்னா நான் உன் பக்கத்து ஆளாயிடுவேன் தம்பி. நான் அவ பக்கத்து ஆளு. போயிட்டு வா."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். என் முந்தானை வெளிப்பக்கம் மாட்டிக்கொண்டது. கதவைத் திறந்தால் அவன் உள்ளே வருவான், திறக்காவிட்டால் என்னால் நகர முடியாது. அவன் வெளியே இருந்து, "அக்கா, சேலை மாட்டியிருக்கு" என்று சொன்னான். தெரியும் என்று சொன்னேன். அவன் போகும்வரை கதவோடு ஒட்டி நின்றேன். அவன் போக வெகு நேரம் ஆயிற்று. அடுப்பில் இருந்த சோறு தீய்ந்துவிட்டது. மூன்று பேரும் மோர் ஊற்றி அதையே சாப்பிட்டோம்.