உறையக் கூடாத மணிகள்

2025 ஜூன் 14, சனி

மணிகள் நன்றாக வந்திருக்கின்றன. உடம்புக்குள் தானாகக் கரைந்துபோகும் பொலிமரில் செய்த, கண்ணுக்கே தெரியாத நுண்மணிகள். பச்சை ஒளி தரும் மரபணுவைச் சுமந்துபோய் உயிர்க்கலத்துக்குள் விடவேண்டும். விட்டால் கலம் பச்சையாக ஒளிரும். விடுமா? திங்கட்கிழமை கண்டி ஆய்வுகூடத்தில் தெரியும். மணிகளைச் செய்த எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டு நாள் மின்சாரம் இல்லையாம்; குப்பியை முல்லைத்தீவுக்கு, வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

அப்பாவுக்கு விளக்கினேன். "அப்ப, சாமானை இறக்கிப்போட்டுத் தானும் காணாமல் போற வள்ளம் எண்டு சொல்லு" என்றார். சிரிப்பு வந்தது. பிழையுமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

விடிய இங்கேயும் கரண்ட் நின்றது. குப்பியை அப்பாவின் மீன்பெட்டிக்குள் ஐஸில் வைத்து, "சூடு ஏறவிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு அம்மாவோடு பூசைக்குப் போனேன். வந்து பார்த்தால் குப்பி கல்லாக உறைந்திருக்கிறது! உருகவிட்டேன். அடியில் வெள்ளை மண்டி. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. குளிர வேண்டும், உறையக் கூடாது — அதை நான் சொல்லவில்லையே.

அப்பா ஐஸுக்கு உப்புத் தூவியிருக்கிறார். கடலில் மீனுக்குக் குளிரைக் கூட்டச் செய்கிற வேலை.

"நல்லாக் குளிரட்டும் எண்டுதான் பிள்ளை..."

"உங்களுக்கு மீனைத் தவிர வேற என்ன தெரியும்?" என்று கத்திவிட்டேன்.

அப்பா பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார்.

ஜூன் 17

கண்டி ஆய்வுகூடத்தில் ஜூலை 14இல் இன்னொரு தடவை நேரம் தருகிறார்களாம். அதுவும் பிழையாய்ப் போனால் என் ஆய்வு அவ்வளவுதான்.

ஜூன் 29, ஞாயிறு

வீட்டில் நிற்கிறேன். அப்பா என் மேசைப் பக்கமே வருவதில்லை. என் பையை உள்ளே வைக்கச் சொன்னால், "நான் தொடேல்லை பிள்ளை, நீயே வை" என்கிறார். கோபத்தில் சொன்னால் தாங்கலாம். பயந்து சொல்கிறார். சீ, என்ன வாய் எனக்கு!

ஜூலை 13

புது மணிகள் தயார். அப்பாவைக் கூட்டிப்போகவே குப்பியோடு வீட்டுக்கு வந்தேன். "அப்பா, என்னோட கண்டிக்கு வாங்கோ."

"நான் அங்க என்னத்துக்கு?"

"பெட்டியை ஆர் பாக்கிறது? உறையக் கூடாது, அவ்வளவுதான்."

பஸ்ஸில் வழி முழுக்க மடியில் வைத்திருந்தார். கண் அயரவேயில்லை.

ஜூலை 16

பச்சை! எல்லாக் கலங்களும் அல்ல, பாதிக்குக் கிட்ட. போதும், எனக்கு இது போதும்.

அப்பாவைக் கதிரையில் இருத்தி நுணுக்குக்காட்டியில் பார்க்கவைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"இதுகள் உயிரோடையோ?"

"ஓம் அப்பா."

மூச்சுப் பட்டுவிடும் என்றோ என்னவோ, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்டைக்குக் கத்தினதுக்கு மன்னியுங்கோ அப்பா" என்றேன், சத்தமாகவே.

"மெல்லக் கதை பிள்ளை" என்றார், கண்ணை எடுக்காமலே. "அதுகள் பயந்துபோடும்."